இருபது வரிக்கு ஒன்பது பாடவேளை: படுவான்கரையில் ஒரு ஆங்கில வகுப்பு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற ஊர்களைப் படுவான்கரை என்போம். சூரியன் படுகிற கரை. கிழக்கே கடலோரமாகக் கிடப்பது எழுவான்கரை. நான் எழுவான்கரைக்காரி. ஆறு வருடமாகப் படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 2014ல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த வழியாக வந்த ஆசிரியர்கள் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சொல்: எங்கள் பக்கத்தில் பாதை என்பது ரோட்டுக்கு மட்டும் பெயரல்ல. ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போகிற மிதவைக்கும் அதுதான் பெயர். இந்தப் பாதை பிறகு ஒரு பிள்ளையின் கவிதைக்குள் வரும்.

இங்கே எழுதுவது தரம் 10ல், 26 பிள்ளைகளோடு, இரண்டாம் தவணையில் நடந்தது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன், பிள்ளைகள் சொன்னதை முடிந்தவரை அவர்கள் சொன்ன மாதிரியே. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வகுப்பு கிடையாது. படிப்பித்தவளும் நான், குறித்தவளும் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பொறுக்கி எடுக்கிற வாசிப்பு

1987ல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. பாடத்திட்டம் இரண்டாம் மொழி என்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒட்டாது. வீட்டிலும் வயலிலும் தமிழ். பாடசாலையில் சிங்களமும் ஒரு பாடம். அதற்கும் மேலே வைத்த சுமைதான் ஆங்கிலம். கிருமிநாசினிப் போத்தலில், போனில், கிரிக்கெட் ஸ்கோரில் அதைக் காண்கிறார்கள். ஆனால் அதில் யாரோடும் பேசுவதில்லை. மேலதிக மொழி என்ற பெயர்தான் நேர்மையானது என்று எனக்குப் படுகிறது.

இவர்கள் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் அல்ல. தரம் 3லிருந்து பாடநூலோடு படித்து வந்தவர்கள். எழுத்துக்கூட்டி ஒரு பந்தியை வாசித்துவிடுவார்கள், கேள்விக்குப் பதிலும் எழுதுவார்கள். எப்படி எழுதுகிறார்கள் என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். ‘நிமால் எங்கே போனான்’ என்று கேள்வி வந்தால் பந்தியில் நிமால் என்ற சொல்லைத் தேடுகிறார்கள். அது இருக்கிற வசனத்தை அப்படியே பார்த்து எழுதுகிறார்கள். நாங்களும் சரி போட்டுவிடுகிறோம். அந்தப் பந்தி சந்தையைப் பற்றியதா, செத்த வீட்டைப் பற்றியதா என்று கேட்டால் தெரியாது. சாதாரண தரப் பரீட்சையின் ஆங்கில வினாத்தாளில் இரண்டு பகுதியிலுமாக 16 சோதனைகள் இருக்கின்றன. சிலவற்றை இப்படிப் பொறுக்கியே தாண்டிவிடலாம். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. கெட்டிக்காரத்தனமான வழிதான் அது.

ஆங்கில இலக்கியம் அந்தப் பரீட்சையில் தனியான விருப்பப் பாடம். எங்கள் பாடசாலையில் அதற்கு ஆசிரியரும் இல்லை, கேட்கிற பிள்ளையும் இல்லை. ஆகவே நான் செய்ததை இலக்கியம் படிப்பித்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். பொறுக்கி எடுத்துப் பதில் எழுத முடியாத ஒரு எழுத்தைத் தேடிப்போனேன், அவ்வளவுதான்.

மூன்று கிழமை வீண்

முதலில் எடுத்தது பனி பொழிவதைப் பற்றிய ஒரு சின்னக் கவிதை. கரும்பலகையில் எழுதினேன், வாசித்தேன், ஒவ்வொரு வரிக்கும் தமிழில் கருத்துச் சொன்னேன். பிள்ளைகள் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் நான் சொன்ன தமிழைப் பென்சிலால் எழுதிக்கொண்டார்கள். கடைசியில், எந்த வரி பிடித்தது என்று கேட்டேன். பின் வாங்கிலிருந்து ஒருவன் பெருந்தன்மையோடு சொன்னான்: “எல்லாம் நல்லம் மிஸ்.”

அன்றைக்கு வீட்டில் கொப்பிகளைத் திருத்தும்போது ஒன்று விளங்கியது. அவர்கள் வாசித்தது கவிதையை அல்ல, என் உரைநடையை. அதுவும் மோசமான உரைநடை. செய்யுளுக்குப் பதவுரை, பொழிப்புரை சொல்லித்தானே நாங்களும் தமிழ் இலக்கியம் படித்தோம். அந்தப் பழக்கம் ஆங்கில வகுப்புக்கும் என்னோடு வந்திருக்கிறது. கருத்து ஆசிரியரிடம் இருக்கிறது, எழுதி எடுத்துக்கொண்டால் சரி என்று பிள்ளைகளும் பழகியிருந்தார்கள்.

அடுத்த கிழமை நேர் எதிராகப் போனேன். வகுப்பில் தமிழே கூடாது என்று சொல்லிவிட்டேன். வகுப்பு கோயில் மடம் மாதிரி அமைதியானது. அதிபர் வெளியே போகும்போது எட்டிப் பார்த்து, நல்ல ஒழுங்கு என்று பாராட்டிவிட்டுப் போனார். நான் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது, சுருக்கிய ஆறு பக்கக் கதை ஒன்று. வைகாசி மாதம், கண்ணகை அம்மன் சடங்கு நடக்கிற நாட்கள். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களுக்கும் நேற்று எங்கே விட்டோம் என்பது நினைவில்லை. கதையைச் சுருக்கியவர் அதிலிருந்த எல்லாக் கடினமான சொல்லையும் எடுத்துவிட்டிருந்தார், கூடவே கதையையும்.

அந்தக் கிழமைதான் எங்கள் தமிழ் ஆசிரியரோடு பேச நேர்ந்தது. அவருடைய தகப்பனார் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாராக இருந்தவர். இடைவேளைத் தேநீரோடு என் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்தவர் கேட்டார்: “ரீச்சர், எங்கட அப்பா சட்டம் குடுக்கக்குள்ள கருத்தா சொன்னவர்?”

சட்டம் கொடுப்பது என்றால், ஆளுக்குரிய பாட்டையும் வசனத்தையும் அண்ணாவியார் பிரித்துக் கொடுப்பது. அதற்குப் பிறகு மாதக்கணக்காக இரவில் பழக்கம் நடக்கும். கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாகப் போய் அரங்கேற்றம் வரும். அண்ணாவியார் பாடுவார், ஆடுகிறவர் கேட்டுப் பாடுவார். அருச்சுனனாக ஆடுகிற தோணிக்காரருக்கு முதல் நாளே எல்லாச் சொல்லும் விளங்காது. பாடப்பாட, ஆடஆட, மற்றவன் மாற்றிப் பாடுகிறதைக் கேட்கக்கேட்க விளங்கிவரும். விளங்காத சொல்லை அவரே ஒருநாள் கேட்பார். அண்ணாவியார் அப்போதுதான் சொல்வார். “கேக்காத ஆளுக்குக் கருத்துச் சொன்னா அது ஒட்டாது ரீச்சர்” என்றார் தமிழ் ஆசிரியர். சடங்கில் கண்ணகி வழக்குரை படிக்கும்போது விடிய விடிய இருந்து கேட்கிற அம்மம்மாமாரும் அப்படித்தானே கேட்கிறார்கள்.

சரி என்று தீர்மானித்தேன். சின்னதாக ஒன்றை எடுப்பது. பல தடவை கேட்கவிடுவது. கேட்டால் ஒழியக் கருத்துச் சொல்வதில்லை. தமிழ் தாராளமாகப் பேசலாம், ஆனால் எதைச் சொன்னாலும் எந்த ஆங்கிலச் சொல்லை வைத்துச் சொல்கிறாய் என்று தாளில் தொட்டுக்காட்ட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை மட்டும் என்னுடையது.

கரடியும் படியும்

எடுத்தது லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற கறுப்பின அமெரிக்கக் கவிஞர் 1922ல் வெளியிட்ட ‘மதர் டு சன்’ (தாய் மகனுக்கு) என்ற கவிதை. ஒரு தாய் மகனுக்குச் சொல்கிற 20 வரி. என் வாழ்க்கை ஒன்றும் பளிங்குப் படிக்கட்டு அல்ல என்று தொடங்குகிறாள். அதில் ஆணி கிடந்தது, சிராம்பு இருந்தது, பலகை பெயர்ந்திருந்தது, விரிப்பில்லாத இடமெல்லாம் இருந்தது. ஆனாலும் நான் ஏறிக்கொண்டேதான் இருக்கிறேன், நீ திரும்பிவிடாதே, உட்கார்ந்துவிடாதே என்கிறாள். வரிகள் குட்டையானவை. ஒரு வரியில் ஒரே ஒரு சொல்தான்.

முதல் பாடவேளையில் தாள் எதுவும் கொடுக்கவில்லை. மூன்று தடவை வாசித்தேன். யார் யாருக்குச் சொல்கிறார் என்பது மட்டும்தான் கேள்வி. ‘சன்’ என்ற சொல் காதில் விழுந்ததும், சூரியன் என்று பாதிப் பேர், மகன் என்று மீதிப் பேர். சண்டை. நான் தலையிடவில்லை. பிறகு பையன் என்ற பொருளுள்ள ‘போய்’ வருகிறதே என்று ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டாள். மகன்தான் என்று முடிவானது. அம்மாவா அப்பாவா என்பது அன்றைக்கு முடியவில்லை. தலைப்பை வேண்டுமென்றே மறைத்து வைத்திருந்தேன்.

இரண்டாவது பாடவேளையில் கவிதையை டிமைத் தாளில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டேன். மேசையில் தட்டித் தட்டி வாசித்தோம். இதில் கூத்துப் பழகுகிற இரண்டு பொடியன்கள் எனக்கு ஆசிரியராகிவிட்டார்கள். நாங்கள் ஆங்கிலத்தைத் தமிழ் மாதிரி ஒவ்வொரு அசைக்கும் ஒரே அளவு கொடுத்து வாசிப்போம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழுகிற அசைதான் தாளம்; மற்றவை இடையில் நெருக்கி ஓடிவிடும். இதை நான் பல வருடமாக விளக்கிச் சொல்லி ஒருவருக்கும் ஏறவில்லை. அவர்களில் ஒருவன் மேசையில் தட்டி, “மிஸ், இதில மூண்டு அடிதான் விழுது, மத்ததெல்லாம் ஓடுது” என்றான். அந்த வரியில் மூன்று அடிதான். ஒரு பிள்ளையை ஏட்டண்ணாவியாராக வைத்தோம். அவள் தாளைப் பார்த்து அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பாராமல் சொன்னார்கள். தாளத்தில் தவறினால் கூத்துக்காரப் பொடியன்கள் விடமாட்டார்கள்.

மூன்றாவது நாள் கரடி வந்தது. விரிப்பில்லாத தரை என்ற வரிக்கு அடுத்த வரியில் தனியாக நிற்கிற சொல், வெறுமை என்ற பொருளுள்ள ‘பெயார்’. ஒருவன் எழுந்து, “விரிப்பில்லாத இடத்தில கரடி நிண்டிருக்கு மிஸ்” என்றான். ஆங்கிலத்தில் கரடிக்கும் வெறுமைக்கும் ஒரே ஒலிதான். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் விடவில்லை: ஆணி, சிராம்பு, பெயர்ந்த பலகை, இருட்டு எல்லாம் பயமான சாமான்கள்தானே, கரடி நிற்பதில் என்ன பிழை? நல்ல வாதம். முன் வாங்குப் பிள்ளை ஒருத்தி தாளுக்குப் போய் எழுத்தைத் தொட்டுக் காட்டினாள்: கரடிக்குக் கடைசி எழுத்து வேறு, கரடி என்றால் முன்னால் ‘எ’ என்று ஒரு சின்னச் சொல்லும் வரவேண்டும், இங்கே இல்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அந்தச் சின்னச் சொல் வரவேண்டும் என்று தரம் 6லிருந்து படிப்பிக்கிறோம். அதை ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு எதிராகச் சாட்சியாக எடுத்து வைத்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கரடிக்காரன் தோற்றதை ஒப்புக்கொண்டான். மறுகா, அதாவது பிறகு, “கரடி நிண்டா இன்னும் நல்லா இரிந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு இருந்தான்.

படிதான் உண்மையில் சிக்கலாக இருந்தது. பிள்ளைகளின் வீடுகளில் மாடி கிடையாது. எங்கள் பாடசாலையும் கீழ்த்தளக் கட்டடங்கள்தான். படி என்றால் கோயில் குளத்துப் படி, அது இறங்குகிற படி. இறங்குகிற படியை ஏறுகிற வாழ்க்கைக்கு எப்படி ஒப்பிடுவது? ஏணி என்று சிலர் சொன்னார்கள். ஏணியில் விரிப்புப் போடுவார்களா என்று மற்றவர்கள் மடக்கினார்கள். பளிங்குப் படி என்பது ஒரு ஹோட்டலின் பெயர் என்று ஒருவன் அடித்துச் சொன்னான்.

அப்போது இந்த மூன்று நாளும் வாயே திறக்காத ஒரு பையன் கையை உயர்த்தினான். “எங்கட அம்மா குவைத்தில நிக்கிற வீட்டில அப்பிடிப் படி இரிக்கி மிஸ். போனில காட்டின. முகம் தெரியும். காலையில அதத் துடைக்கிறதுதான் அவக்கு முதல் வேல.”

நான் கேட்காமலே ஆங்கிலத்தில் ஒருதரம் சொல்லிப் பார்த்தான்: “மை மதர் கிளீன் த கிறிஸ்டல் ஸ்டெயார்.”

வினைச்சொல்லில் ‘ஸ்’ விட்டுப்போனதை நான் திருத்தவில்லை. வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏட்டண்ணாவியாராக நின்ற பிள்ளை தாளைத் திரும்பவும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மறுகா, இஞ்ச ‘ஃபோர் மீ’ எண்டு ஏன் போட்டிரிக்கி? வாழ்க்கை பளிங்குப் படி இல்ல எண்டு சொன்னாப் போதுந்தானே?” அந்தப் பையனே பதில் சொன்னான்: “படி இரிக்கி. அவட படி இல்ல.”

‘ஃபோர் மீ’ என்ற இரண்டு சின்னச் சொற்களைப் பற்றி நான் எந்தப் பாடக்குறிப்பும் எழுதி வைத்திருக்கவில்லை. அந்த வரியை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். யாருக்கோ பளிங்காக இருக்கிறது, எனக்கு இல்லை என்று அந்தத் தாய் சொல்வதை ஒரு துடைக்கிறவளின் மகன் காட்டித்தந்தான். பாடம் முடிந்த பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவைப் பற்றி வகுப்பில் சொன்னது பரவாயில்லையா என்று கேட்டேன். “எல்லாருக்கும் தெரியுந்தானே மிஸ்” என்றான். இதை எழுதலாமா என்றும் பிறகு கேட்டேன். பெயர் போடாமல் எழுதச் சொன்னான்.

வாசிப்பில் இரண்டு வகை இருக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் ரோசன்பிளாட் எழுதியிருக்கிறார். வாசித்து முடித்துக் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போவதற்கான வாசிப்பு ஒன்று. வாசிக்கிற நேரத்திலேயே அதற்குள் நின்று அனுபவிக்கிற வாசிப்பு மற்றது. மருந்துப் போத்தலை முதல் மாதிரி வாசிக்கவேண்டும், கவிதையை இரண்டாவது மாதிரி. 1938லேயே தொடங்கிய சிந்தனை இது. பயிற்சிக் கலாசாலையில் இதைப் பரீட்சைக்கு எழுதி நல்ல புள்ளியும் எடுத்தவள் நான். எடுத்துக்கொண்டு போகிற வாசிப்பாகத்தான் அதையும் வாசித்திருக்கிறேன் போல.

கிறுகாத

தமிழைத் திறந்துவிட்டதால் வகுப்பில் மொழிபெயர்ப்பு தானாக நடந்தது. ‘திரும்பிவிடாதே’ என்கிற வரிக்கு ஒருத்தரும் திரும்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. “கிறுகாத மனே” என்றார்கள். மட்டக்களப்பில் திரும்புவது கிறுகுவது. கவிதையில் மூலைகளில் திரும்புகிற ஒரு வரியும் இருக்கிறது. இரண்டிலும் ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல், எங்கள் பேச்சிலும் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். ஆனால் ஒன்று முன்னுக்குப் போவது, மற்றது பின்னுக்கு வருவது. அந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் எந்தச் சொல் செய்கிறது என்று கேட்டேன். பின்னுக்கு என்ற பொருளுள்ள ‘பக்’ என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினார்கள். வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றுகிற சின்னச் சொற்களை அட்டவணை போட்டுப் படிப்பித்து நான் களைத்திருக்கிறேன். இப்படி நாலு நிமிடத்தில் நடந்ததில்லை.

‘ஹனி’ என்ற விளிக்கு ‘தேனே’ என்று ஒருவன் எழுதப்போய் நாள் முழுக்க அவனுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ராசா என்றார்கள், கண்ணா என்றார்கள், கடைசியில் மனே என்பதிலேயே நின்றார்கள். ஒரு பிள்ளை சொன்னாள், அம்மம்மா ஏசும்போதும் மனே என்பா, கொஞ்சும்போதும் மனே என்பா, இந்தக் கவிதையில் அம்மா இரண்டும்தானே செய்கிறா. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆங்கில இலக்கியத்தைத் தமிழின் கையால் தொட்டுப் பார்ப்பது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. காரைதீவில் 1892ல் பிறந்த விபுலானந்த அடிகள் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்துப் பார்த்து 1926ல் மதங்க சூளாமணியை வெளியிட்டார். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுப்போகும் என்று சொல்கிறவர்களுக்கு நான் இதை ஞாபகப்படுத்துவதுண்டு. கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பிழையான ஆங்கிலம்

ஐந்தாவது பாடவேளையில் ஒரு அதிகாரி மேற்பார்வைக்கு வந்தார். மரியாதையான மனிதர். பின்னால் இருந்து கவனித்துவிட்டு, வெளியே வந்து மெதுவாகக் கேட்டார்: “மிஸ், ‘எயின்ட்’ என்ற சொல்லை நாங்கள் படிப்பிக்கலாமா? அதிலும் ஒரே வசனத்தில் இரண்டு மறுப்பு வருகிறதே. பிள்ளைகள் பரீட்சையில் எழுதினால் யார் பொறுப்பு?”

நியாயமான கேள்வி. ‘எயின்ட்’ என்பது பேச்சில் வருகிற ‘இல்லை’. கவிதையில் வருகிற தாய் தன் சனத்தின் பேச்சு ஆங்கிலத்தில் பேசுகிறாள். அதற்கு அதற்கென்று ஒழுங்கு உண்டு. இரண்டு மறுப்பு அங்கே மறுப்பை உறுதியாக்கும். அது பாடநூல் ஆங்கிலம் அல்ல. 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசு அறிவித்தபோது, பிழைக்குப் பயப்படாமல் இலங்கையர் பாணியிலேயே ஆங்கிலம் பேசலாம் என்று பெரிதாகப் பிரசாரம் நடந்தது. ஆனால் வினாத்தாள் திருத்துகிற பேனை அப்படி நினைப்பதில்லை.

அடுத்த நாள் கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் அம்மம்மா வீடு, மறுபக்கம் அதிபர் அறை. முதலில் தமிழில். மறுகா, கிறுகு, ஒண்ணா, மனே எல்லாம் அம்மம்மா வீட்டுப் பக்கம். பிறகு, திரும்பு, முடியாது எல்லாம் அதிபர் அறைப் பக்கம். லீவுக் கடிதத்தில் ‘மறுகா நான் வாறன்’ என்று எழுதுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார்கள். பிறகு கவிதையிலிருந்து ஆங்கில வரிகளை எடுத்து அதிபர் அறைக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். ‘எயின்ட் பீன் நோ’ என்பது ‘ஹேஸ் நொட் பீன் எ’ ஆனது. நிகழ்கால நிறைவு வினையை இவ்வளவு விருப்பத்தோடு இந்த வகுப்பு ஒருநாளும் எழுதியதில்லை. மாற்றிய வரியைத் தாளத்தோடு வாசித்துப் பார்த்தபோது கூத்துக்காரப் பொடியன் முகத்தைச் சுளித்தான்: “இப்ப அம்மா இல்ல மிஸ், அதிபர் பேசுறார்.”

அவர்கள் எழுதியவை

ஏழாவது, எட்டாவது பாடவேளைகளில் அவரவர் வீட்டில் ஒருவரின் குரலில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். படிக்குப் பதிலாக எதை வைப்பது என்பது அவர்களின் விருப்பம். வரம்பு, கிணற்றுக் கட்டு, யானை வேலி என்று பலதும் வந்தன. வரம்பு வைத்தவர்கள் ஏழெட்டுப் பேர், ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியது தெரிந்தது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு பிள்ளை அம்மம்மாவின் குரலில் எழுதியிருந்தாள்: என் வாழ்க்கை மண்முனைப் பாலமாக இருந்ததில்லை, அது பழைய பாதை, அதில் தண்ணீர் ஏறும், காற்று அடிக்கும், சிலநாள் வரவே வராது, நான் ஆஸ்பத்திரிக்குப் போகக் கரையில் நின்றேன். ஆங்கிலத்தில் பாதை என்பதை மொழிபெயர்க்காமல் ‘பாதை’ என்றே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். ஏன் என்றேன். “ஃபெரி எண்டா கப்பல் மாதிரி வருது மிஸ்.” அந்த ஐந்து வரியில் ஆறு பிழை இருந்தது. நாலைத் திருத்தினேன்.

26 பேரில் 19 பேர் ஐந்து வரியையும் எழுதினார்கள். தவணைத் தொடக்கத்தில் சொந்தமாக ஒரு வசனம் எழுதச் சொன்னால் பாடநூலைப் புரட்டிய வகுப்பு இது. மீதி ஏழு பேர் எழுதவில்லை, அல்லது பக்கத்துக் கொப்பியைப் பார்த்து ஒரு வரியோடு நிறுத்திவிட்டார்கள். ஒன்பதாவது பாடவேளை வாசித்துக் காட்டுவதற்கு. அதிலும் அந்த ஏழு பேர் வாய் திறக்கவில்லை. ஆண்கள் நாலு, பெண்கள் மூன்று. அவர்களுக்கு இந்த ஒன்பது பாடவேளையில் என்ன கிடைத்தது என்பதற்கு என் கொப்பியில் ஒரு குறிப்பும் இல்லை. பேசுகிறவர்களைக் குறிப்பதிலேயே நேரம் போயிருக்கிறது. இந்தப் பதிவின் பெரிய ஓட்டை அது.

செலவும் வரவும்

கிழமைக்கு ஐந்து ஆங்கிலப் பாடவேளை. ஒன்பது என்றால் கிட்டத்தட்ட இரண்டு கிழமை. வீணாய்ப்போன மூன்று கிழமையையும் சேர்த்துப் பார்த்தால் பாடநூலில் நான் நன்றாகப் பின்தங்கிவிட்டேன். அதிபர் பாட முடிப்புப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சனிக்கிழமைகளில் வந்து சரிக்கட்டினேன். பஸ் காசு என்னுடையது.

ஒரு கவிதையை இப்படி ஆழமாகத் தோண்டுவதுதான் வழி என்று நான் சொல்லவரவில்லை. பீஜித் தீவின் கிராமப் பாடசாலைகளில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் செய்து 1983ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்து வாசிக்க விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வழமையான பாடத்தில் இருந்தவர்களைவிட வாசிப்பிலும் கேட்டு விளங்குவதிலும் வேகமாக முன்னேறினார்கள். நிறைய வாசிப்பதால் வருகிற பலன் 20 வரியில் வராது. எங்கள் நூலக அலுமாரியில் இருக்கிற ஆங்கிலப் புத்தகங்களில் பாதி யாரோ நல்ல மனதோடு கொழும்பிலிருந்து அனுப்பிய பழைய கணக்கியல் நூல்கள். 250 கதைப் புத்தகம் கிடைத்தால் நாளைக்கே என் டிமைத் தாளைச் சுருட்டி வைத்துவிடுவேன். இல்லாத இடத்தில் 20 வரியைப் பல தடவை வாசிப்பது மலிவு.

தவணைப் பரீட்சையில் புள்ளிகள் பெரிதாக மாறவில்லை. பொறுக்கி எடுக்கிற கேள்விகளில் எப்போதும் போலவே எடுத்தார்கள். கடிதம் எழுதுகிற கேள்வியில் வேறுபாடு இருந்தது. முன்பு வெறுமையாக விடுகிறவர்கள் பலர் பாதிப் பக்கமாவது எழுதியிருந்தார்கள். அதிகாரி பயந்ததும் நடந்தது. விளையாட்டு மைதானம் வேண்டும் என்று அதிபருக்கு எழுதவேண்டிய கடிதத்தில் இரண்டு பேர் ‘எயின்ட்’ போட்டிருந்தார்கள். இரட்டை மறுப்போடு, தாளம் தவறாமல். புள்ளி வெட்டினேன்.

விடைத்தாள் கொடுத்த நாள் அந்த இருவரில் ஒருவன் மேசைக்கு வந்தான். கரடிக்காரன்தான். “மிஸ், இது அதிபருக்கு எழுதினபடியாப் பிழையா, இல்லாட்டி எப்பவும் பிழையா?” அதிபருக்கு எழுதியபடியால்தான் பிழை என்றேன். “அப்ப அம்மம்மா வீட்டுப் பக்கம் போட்டிரிந்தா முழுப் புள்ளி வந்திரிக்கும்” என்று கணக்குப் பார்த்துவிட்டுப் போனான். அம்மம்மா வீட்டுப் பக்கத்தில் வினாத்தாளில் கேள்வி வருவதில்லை என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.

மூன்றாம் தவணைக்கு 12 வரியுள்ள ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். டிமைத் தாள் இரண்டு வாங்கியாயிற்று. பேசாத ஏழு பேரைப் பற்றித் தமிழ் ஆசிரியரிடம் கேட்டேன். அவர்களை ஏட்டண்ணாவியாராக வைத்துப் பாருங்கள் என்றார். ஏடு பிடிக்கிறவர் சதங்கை கட்டி ஆடத் தேவையில்லை, ஆனால் ஆடுகிறவன் மறக்கிற அடி அவர் வாயில் இருக்கவேண்டும். முதல் கிழமைக்கு அந்த ஏழு பேரில் ஒருத்தியின் பெயரைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். அவளிடம் இன்னும் கேட்கவில்லை.